நாலே கால் மணி நேரத்துல வந்துருவானா?

செல்போனை எடுத்து, 'சென்னை டு சிங்கப்பூர் எவ்வளவு தூரம்' என்று கேட்டால் கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. சுமார் 2,900 கிலோமீட்டர். விமானத்தில் நான்கு மணி நேரமும் கொஞ்சமும். கூடவே ஒரு வரைபடம், அதில் வங்கக்கடலைத் தாண்டி வளைந்து போகும் ஒரு நீலக்கோடு.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் சுற்றுலா போகிறவர்களாக இருக்கலாம். படிக்கப் போகிற பிள்ளைகளாக இருக்கலாம். ஆனால் கிராமத்தில் இதே கேள்வியை வேறொரு நேரத்தில் கேட்பார்கள். வாசலில் பந்தல் போட ஆள் வந்து நிற்கும்போது. நடுக்கூடத்தில் ஒருவரைப் படுக்க வைத்து, தலைமாட்டில் விளக்கேற்றி வைத்திருக்கும்போது. 'எப்ப எடுக்கறாங்க?' என்று தெருவே கேட்கிறபோது.

உத்திரமேரூர் என்றால் நமக்கெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த குடவோலை முறைதான் ஞாபகம் வரும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. அந்த ஊரிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற ஒரு கிராமம். ஒரே தெருவில் ஐந்து பையன்கள் வெளிநாட்டில். மூன்று பேர் சிங்கப்பூர், இரண்டு பேர் துபாய். அவர்களில் ஒருவனுடைய அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை 5.40-க்கு இறந்துபோனார்.

பெயர்கள் வேண்டாம். அந்த வீட்டில் நடந்தது மட்டும் போதும்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. முதல் நாள் சாயங்காலம்கூட மாட்டுக்குத் தண்ணி காட்டியிருக்கிறார். ராத்திரி நெஞ்சு கரிக்குது என்று சொல்லி, சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்தார். அவ்வளவுதான். மூத்த மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அடுத்தது ஒரு பெண், வந்தவாசிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. கொள்ளி வைக்க வேண்டியவன் அவன் ஒருவன்தான்.

ஏழு மணிக்குள் பங்காளிகள் கூடிவிட்டார்கள். முதல் கேள்வியே, "பையன் எப்ப வருவான்?"

காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிற ஒரு சித்தப்பா மகன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னான். "நாலே கால் மணி நேரம்தான் பெரிம்மா."

பெரியவர்கள் விரல் விட்டு எண்ணினார்கள். இப்போது ஏழு. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள். எட்டு. எட்டும் நாலும் பன்னிரண்டு. மெட்ராஸிலிருந்து வர ரெண்டு மணி நேரம். ரெண்டு, ரெண்டரைக்கு வந்துவிடுவான். "மூணு மணிக்கு எடுத்துரலாம்" என்று முடிவானது. மதுராந்தகம், வந்தவாசி, செய்யாறு என்று எல்லாப் பக்கமும் போன் பறந்தது. 'மூணு மணிக்கு எடுக்கறோம், வந்துருங்க.'

அந்த நேரம் வரைக்கும் மகனுக்கு விஷயமே போய்ச் சேரவில்லை.

இதை யாரும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. செய்தி சொல்ல 5.50-க்கே போன் அடித்திருக்கிறார்கள். இங்கே 5.50 என்றால் அங்கே 8.20. வேலை தொடங்கிவிட்ட நேரம். போன் பையில், பை பெட்டியில், பெட்டிக்குப் பூட்டு. பத்து மணி டீ பிரேக்கில் எடுத்துப் பார்த்தபோது பதினேழு மிஸ்டு கால். ஊர் நம்பரிலிருந்து பதினேழு மிஸ்டு கால் என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அப்போது ஊரில் மணி 7.30.

பிறகுதான் அந்த நான்கு மணி நேரத்துக்கு முன்னால் எத்தனை மணி நேரம் ஒளிந்திருக்கிறது என்பது ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அவர் மேலே சொல்ல வேண்டும். பாஸ்போர்ட், 'பத்திரமா இருக்கட்டும்' என்று ஆபீஸ் பீரோவில். ஆபீஸ் இருப்பது வேறு இடத்தில். சாவி வைத்திருப்பவர் வர வேண்டும். லீவு எழுதிக் கையெழுத்து வாங்கி, பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியபோது அங்கே மதியம் ஒன்று.

காலை விமானம் போய்விட்டது. மதிய விமானத்தில் இடம் இல்லை. ராத்திரி 8.15-க்கு ஒன்று இருந்தது. வழக்கமாக வாங்கும் விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே. அவனிடம் கார்டு கிடையாது. கூட வேலை பார்க்கிற, பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் தன் கார்டைத் தேய்த்து டிக்கெட் போட்டுக் கொடுத்தார். "பணம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. முதல்ல கெளம்பு."

இதில் இன்னொன்று. கப்பல் பட்டறைகள் இருக்கும் துவாஸ், சிங்கப்பூரின் மேற்குக் கோடி. சாங்கி விமான நிலையம் கிழக்குக் கோடி. அந்த நாடு சின்னதுதான் என்றாலும், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்துதான் ஆக வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிடச் சொல்கிறார்கள். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். மதியமே போய் உட்கார்ந்துகொண்டான்.

ஊரில் 'மூணு மணி' என்பது 'அஞ்சு மணி' ஆனது. டிக்கெட் விவரம் வாட்ஸ்அப்பில் வந்ததும் அஞ்சு மணியும் போனது. மதுராந்தகத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மேளக்காரர்கள் இன்னொரு ஊருக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு நாளைக்கு வரச் சொல்ல வேண்டியிருந்தது.

நான்கு மணி வாக்கில் இறந்தவரின் தம்பி அண்ணியிடம் வந்து உட்கார்ந்தார். கோபக்காரர் இல்லை. ஆனால் ஊர் நடப்பு தெரிந்தவர். பொழுது சாய்ந்தால் எடுப்பதில்லை என்பது அங்கே வழக்கம்.

"அண்ணி, பொழுதோட எடுத்துரலாம். பங்காளி புள்ள யாருனா கொள்ளி வெக்கட்டும். அவன் வந்து பால் தெளிக்கறதப் பாத்துக்கட்டும். வெயில் காலம். ஐஸ் பெட்டிய நம்பிகினு இருக்க முடியாது. கரன்ட் போச்சுன்னா என்னா பண்றது?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாராம். "முப்பத்தஞ்சு வருஷம் என்கூட இருந்தாரு. இன்னும் ஒரு ராத்திரி இருக்கட்டும், தம்பி."

அத்தோடு பேச்சு முடிந்தது. ஐஸ் பெட்டிக்கு இரண்டாம் நாள் வாடகை. கரன்ட் போனால் போடுவதற்கு ஒரு ஜெனரேட்டர், அதற்கு டீசல். பந்தலுக்கு லைட். மறுநாள் காலை பத்து மணிக்கு எடுப்பதாக மூன்றாவது முறையாக எல்லோருக்கும் போன். அந்தச் சித்தப்பா மகன்தான் எல்லா போனையும் செய்தான். 'நாலே கால் மணி நேரம்னு சொன்னியேப்பா' என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பாவம், அவன் சொன்னதில் தப்பில்லை. விமானம் நாலே கால் மணி நேரத்தில்தான் வந்தது.

அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். பெரிய பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 2,900 கிலோமீட்டரை வகுத்துப் பார்த்தால் மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். மீதி எங்கே போகிறது? ஓடுபாதை வரைக்கும் மெதுவாக உருண்டு போவதில், வரிசையில் நிற்பதில், மேலே ஏறுவதில், இறங்குவதற்கு முன் சுற்றுவதில். டிக்கெட்டில் போடுகிற நேரம், வாசலை விட்டுக் கிளம்பி அடுத்த ஊர் வாசலில் நிற்கும் வரைக்குமான நேரம். காற்றும் ஒரு பங்கு கேட்கும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. அதை 1950-களில் ஆராய்ந்து சொன்னவர் பி.கோட்டேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். சிங்கப்பூரிலிருந்து வரும் விமானத்தை அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளும். போகும் விமானத்தை முன்னாலிருந்து தடுக்கும். எல்லாம் சில நிமிடக் கணக்குத்தான்.

குழப்புவது கடிகாரம். ராத்திரி 8.15-க்கு சிங்கப்பூரில் கிளம்பி 10 மணிக்கு சென்னையில் இறங்குவதாக டிக்கெட்டில் போட்டிருந்தது. அதைப் பார்த்த ஒரு மாமா, "ரெண்டு மணி நேரம்கூட இல்லையே! நீங்க நாலு மணின்னு சொல்றீங்க" என்று சண்டைக்கே போய்விட்டார். இந்திய நேரத்தைவிட சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால். சிங்கப்பூரில் நள்ளிரவு 12.30 ஆகும்போது இங்கே ராத்திரி 10. அதனால் வரும்போது பயணம் சுருங்கின மாதிரி தெரியும், போகும்போது நீளும். 1982-க்கு முன்னால் இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது. அந்த வருடம் ஜனவரி முதல் தேதி சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது.

சரி, பத்து மணிக்கு இறங்கிவிட்டான். பிறகு? குடிநுழைவு வரிசை. அவன் கையில் ஒரு பை மட்டும். பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இருந்தும் வெளியே வரும்போது 11.10. தங்கச்சி மாப்பிள்ளை காரோடு நின்றிருந்தார். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள்கோவில், பரனூர் சுங்கச்சாவடி, செங்கல்பட்டு. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி மாமண்டூர், படாளம், புக்கத்துறை கூட்டுச் சாலையில் வலது பக்கம் திரும்பினால் உத்திரமேரூர் ரோடு. எழுபது, எண்பது கிலோமீட்டர். விமானத்துக்கு இது ஐந்தாறு நிமிட தூரம். காருக்கு அந்த ராத்திரியில் இரண்டு மணி நேரம் ஆனது. பகலாக இருந்தால், ஜி.எஸ்.டி. ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், சொல்லவே வேண்டாம்.

வாசலில் கார் நின்றபோது மணி 1.15.

அப்பா இறந்து பத்தொன்பது மணி நேரம் முப்பத்தைந்து நிமிடம். அதில் அவன் பறந்தது நாலே கால்.

காரை விட்டு இறங்கினவன் அழவில்லை என்கிறார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணாடி மூடியில் பனி பூத்திருந்தது. அதைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். துடைத்த இடத்தில் மறுபடியும் பூத்தது. அவன் அம்மா பக்கத்தில் வந்து, "சாப்டியா நைனா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அழுதான்.

இதே உத்திரமேரூர்ப் பக்கத்தில், இரண்டு தலைமுறைக்கு முன்னால், யாரும் இப்படிக் காத்திருந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கும் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்கள் போனார்கள். கப்பலில் போனார்கள். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' என்ற கப்பல் மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதற்குப் பிறகு 'எம்.வி.சிதம்பரம்'. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து, பயணிகள் பலர் இறந்துபோனார்கள். அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றிப் போனது அதோடு முடிந்தது. ஒரு வாரக் கடல் பயணம் அது. ஊரில் அப்பா இறந்தால் தந்தி போகும். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று கிராமங்களில் பயந்த காலம். அந்தத் தந்திச் சேவையையே 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். தந்தி கைக்குக் கிடைக்கும்போது ஊரில் எல்லாம் முடிந்திருக்கும். அங்கேயே தலை முழுகிவிட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். 'எப்ப வருவான்?' என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள்.

காத்திருக்கும் வழக்கம் விமானத்தோடு வந்தது. ஒரு வாரம் என்றால் ஆசை வராது. நாலு மணி நேரம் என்றால் வரும். வந்த பிறகு அதை அடக்குவது கஷ்டம்.

நம் பழைய ஆட்கள் தூரத்தைச் சொன்ன விதத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 'கூப்பிடு தூரம்' என்றார்கள். ஒருவர் குரல் கொடுத்தால் இன்னொருவருக்குக் கேட்கிற தூரம். 'நாழிகை வழி' என்றும் ஒரு கணக்கு இருந்தது. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடத்தில், ஒரு ஆள் நடந்து போகிற தூரம். நடக்கிற ஆளுக்கு லீவு, டிக்கெட், கவுன்டர், சுங்கச்சாவடி எதுவும் கிடையாது. நாழிகைக்கு நாழிகை தூரம் குறைந்துகொண்டே வரும். போனில் வருகிற 'நாலு மணி நேரம்' அப்படிப்பட்டதல்ல. ஒரு வாசலுக்கும் இன்னொரு வாசலுக்கும் நடுவில் இருக்கும் நேரம் அது. அந்த வாசலுக்குப் போய்ச் சேரும் வரைக்குமான கணக்கு அதில் வராது.

அந்த வாசல்களையே சாத்திவிட்ட காலமும் உண்டு. 2020 மார்ச் 23-ம் தேதி முதல் இந்தியாவுக்கு வரும் வழக்கமான வெளிநாட்டு விமானங்களை நிறுத்தினார்கள். அவை முழுதாக மறுபடி ஓடத் தொடங்கியது 2022 மார்ச் 27-ல். நடுவில் சிறப்பு விமானங்கள் விட்டார்கள். இடம் கிடைப்பது, பரிசோதனை, தனிமைப்படுத்தல் என்று எல்லாம் தாண்டி வர வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் வீடியோ காலில்தான் அப்பா அம்மாவை வழியனுப்பினார்கள். அதே 2,900 கிலோமீட்டர்தான் அப்போதும்.

ஊரில் இப்போது இன்னொரு பேச்சும் அடிபடுகிறது. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. உத்திரமேரூரிலிருந்து பார்த்தால் மீனம்பாக்கத்தைவிட அது கிட்ட. 'ஒரு மணி நேரத்துல போயிரலாம்' என்று டீக்கடையில் சொல்கிறார்கள். அதே நேரத்தில் ஏகனாபுரத்தில் ஜனங்கள் நிலமும் ஏரியும் போகிறதே என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஊர்க்காரன் ஒரு மணி நேரம் சீக்கிரமாக வீட்டுக்கு வருவதற்கு இன்னொரு ஊர்க்காரன் வீட்டைவிட்டே போக வேண்டும் என்றால், அந்தக் கணக்கு எந்தப் போனிலும் வராது. டீக்கடையில் அதைச் சொன்னால் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுவிடுகிறது. ஏகனாபுரத்திலும் எல்லோருக்கும் யாராவது ஒரு சொந்தக்காரர் இருக்கத்தானே செய்கிறார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சொன்னபடி எடுத்தார்கள். அவன்தான் கொள்ளி வைத்தான். மறுநாள் பால் தெளித்தார்கள். பதினாறாம் நாள் செய்ய வேண்டிய காரியத்தை அதுவரைக்கும் தள்ள முடியவில்லை. கொடுத்த லீவு மொத்தம் ஏழு நாள். பெரியவர்கள் பேசி, ஐந்தாம் நாளே முடித்துக்கொண்டார்கள். "சாஸ்திரம் நமக்காகத்தான்டா, நாம சாஸ்திரத்துக்காக இல்ல" என்று அன்றைக்குப் பொழுதோடு எடுத்துவிடலாம் என்று சொன்ன அதே சித்தப்பாதான் சொன்னாராம்.

திரும்பிப் போகும் விமானம் ராத்திரி 10.30. ஊரை விட்டுக் கிளம்பியது சாயங்காலம் நாலரை. இந்த முறை அவசரம் எதுவும் இல்லை, ஆனாலும் ரோட்டை நம்ப முடியாது. கிளம்புவதற்கு முன் அம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனான். ஒன்று, ஆபீஸ் நம்பர். தன் போன் எடுக்காவிட்டால் உடனே அதற்கு அடிக்க வேண்டும். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். இன்னொன்று, இனிமேல் பாஸ்போர்ட்டைத் தானே வைத்துக்கொள்ளப் போவதாக. சிங்கப்பூர்ச் சட்டப்படி தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவனுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. சொன்னவர் டிக்கெட் போட்டுக்கொடுத்த பட்டுக்கோட்டைக்காரர்.

அவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை மூன்று மாதத்தில் அடைத்தான். கடைசித் தவணை கொடுக்கும்போது அவர் வாங்க மாட்டேன் என்று சொல்லி, இவன் விடாமல் சட்டைப் பையில் திணித்திருக்கிறான்.

அந்தத் தெருவில் இப்போது ஆறாவது பையனும் கிளம்பப் போகிறான். எல்லோருக்கும் போன் செய்து தொண்டை கட்டின அதே சித்தப்பா மகன். உள்ளூரில் வேலை எதுவும் அமையவில்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. ஏஜென்டு சிங்கப்பூரும் சொல்கிறார், துபாயும் சொல்கிறார். அவன் அம்மாவுக்கு அந்த ராத்திரி ஞாபகம் போகவில்லை.

"எது கிட்டடா?" என்று கேட்டார்.

அவன் போனை எடுத்துப் பார்த்தான். சென்னையிலிருந்து கிழக்கே சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். மேற்கே துபாய், அதுவும் சுமார் 2,900 கிலோமீட்டர். இரண்டுக்கும் நாலு மணி நேரம் சொச்சம்.

"ரெண்டும் ஒரே தூரம்தாம்மா."

"அப்ப எவன் சீக்கிரம் லீவு குடுப்பான்னு கேட்டுச் சொல்லு."